முகம் பார்த்து வாக்களிக்கிறோமா?

சென்ற கல்வியாண்டில் தேசிய வாக்காளர் தினத்தையொட்டி ஒன்பதாம் வகுப்பில் ஒரு சிறு விளையாட்டு நடத்தினேன். ‘தேர்தல், அரசியல் கட்சிகள் மற்றும் அழுத்தக் குழுக்கள்’ பாடத்தைத் திருப்புதலுக்கு எடுத்திருந்த நேரம். வெளிநாட்டில் எப்போதோ தேர்தலில் எதிரெதிராக நின்ற இருவரின் படங்களைப் பெரிதாக அச்சிட்டுக் கரும்பலகையில் ஒட்டினேன். பெயர், நாடு, கட்சி எதையும் சொல்லவில்லை.

“நாம எல்லாரும் நாகப்பட்டினத்துல இருந்து இலங்கைக்குக் கப்பல்ல போறோம். வழியில புயல் வரலாம். இந்த ரெண்டு பேர்ல யாரைக் கப்பலுக்குத் தலைவராப் போடலாம்?” என்று கேட்டேன்.

கேட்டு முடிப்பதற்குள் கைகள் உயர்ந்தன. பெரும்பாலான கைகள் ஒரே படத்துக்கு. ஏன் என்று கேட்டால், “பார்த்தாலே தெரியுது டீச்சர்”, “தைரியமா இருக்காரு”, “இன்னொருத்தரு தூங்கி வழியிறாரு” என்று பதில்கள் வந்தன. எல்லோரும் உறுதியாகச் சொன்னார்கள். யாருக்கும் சந்தேகமே இல்லை.

கடைசி வரிசையில் ஒரு மாணவி மட்டும் கை தூக்கவில்லை. “நீ ஏம்மா தூக்கல?” என்றேன். எழுந்து நின்று மெதுவாகச் சொன்னாள்: “மொகத்த வச்சு எப்புடி டீச்சர் சொல்றது? அவங்க கடலுக்குப் போயிருக்காங்களா, காத்தும் நீவாடும் தெரியுமான்னு சொன்னீங்கன்னா சொல்லலாம்.”

அவளுடைய அப்பா கடலுக்குப் போகிறவர். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் நாற்பது நிமிடத்தில் விளக்க நினைத்திருந்ததை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். அவள் சொன்னதைத்தான் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

சுவிட்சர்லாந்தில் நடந்த கப்பல் விளையாட்டு

இந்த விளையாட்டு என் சொந்தக் கற்பனை அல்ல. சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் அன்டோனாகிஸ், ஓலாஃப் டால்காஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 5 வயது முதல் 13 வயது வரையிலான பிள்ளைகளிடம் இதை நடத்திப் பார்த்தார்கள். பிள்ளைகள் முதலில் ஒரு கடற்பயணக் கணினி விளையாட்டை விளையாடினார்கள். பிறகு இரண்டிரண்டு முகங்களைக் காட்டி, “உன் கப்பலுக்கு யார் தலைவர்?” என்று கேட்கப்பட்டது.

அந்த முகங்கள் 2002இல் பிரான்சு நாடாளுமன்றத் தேர்தலில் மோதிய வேட்பாளர்களுடையவை. அது பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்கள் தேர்ந்தெடுத்த முகங்களை உண்மையான தேர்தல் முடிவோடு ஒப்பிட்டபோது, ஏறத்தாழ 71 விழுக்காடு பொருந்தியது. அதே முகங்களைப் பெரியவர்களிடம் காட்டி, “யார் திறமைசாலி?” என்று கேட்டபோதும் ஏறக்குறைய அதே அளவுதான். இந்த ஆய்வு 2009இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது.

நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொன்னால் பாதிக்குப் பாதி சரியாக வரும். இங்கே பத்தில் ஏழு சரியாக வருகிறது. கொள்கை தெரியாத, கட்சி தெரியாத, வாக்குரிமையே இல்லாத ஒரு சிறு பிள்ளையும், செய்தித்தாள் படித்து, கூட்டங்களுக்குப் போய், யோசித்து வாக்களித்ததாக நினைக்கும் ஒரு பெரியவரும் ஒரே முகத்தை நோக்கித்தான் போகிறார்கள் என்றால், அந்தப் பெரியவரின் முடிவில் முகத்துக்கும் ஒரு பங்கு இருந்திருக்கிறது என்றுதானே பொருள்?

ஒரு நொடியில் ஒரு தீர்ப்பு

இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 2005இல், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் டோடொரோவ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இதே போன்ற ஆய்வை வெளியிட்டிருந்தார்கள். அமெரிக்க மேலவையான செனட்டுக்குப் போட்டியிட்டவர்களின் படங்களைக் காட்டி, “பார்த்தவுடன் யார் திறமையானவராகத் தோன்றுகிறார்?” என்று மட்டும் கேட்டார்கள். அந்த முகத்தை முன்பே அறிந்தவர்களின் பதிலைக் கணக்கில் சேர்க்கவில்லை. அங்கும் ஏறத்தாழ 70 விழுக்காடு போட்டிகளில், திறமையானவராகத் தோன்றியவரே வென்றிருந்தார். படத்தை ஒரே ஒரு நொடி காட்டியபோதும் முடிவு பெரிதாக மாறவில்லை.

அடுத்த ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வில் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே முகங்களைக் காட்டினார்கள். கண் இமைக்கும் நேரம். அதற்குள்ளேயே இவர் நம்பத்தக்கவர், இவர் திறமையானவர் என்ற எண்ணம் உருவாகிவிடுகிறது. கூடுதல் நேரம் கொடுத்தால் அந்த எண்ணம் பெரும்பாலும் மாறுவதில்லை. “நான் நினைத்தது சரிதான்” என்ற உறுதிதான் கூடுகிறது. என் மாணவர்கள் “பார்த்தாலே தெரியுது டீச்சர்” என்று அடித்துச் சொன்னதன் காரணம் எனக்கு அப்போது புரிந்தது.

இது ஒரு நாட்டின் பழக்கம் மட்டுமன்று. மெக்சிகோ, பிரேசில் நாட்டு வேட்பாளர்களின் முகங்களை இந்தியர்களிடமும் அமெரிக்கர்களிடமும் காட்டிய ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. அந்த நாடுகளின் அரசியல் எதுவும் தெரியாத இந்த இரு தரப்பாரும் பெரும்பாலும் ஒரே முகங்களையே தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தேர்வு தேர்தல் முடிவுகளோடும் கணிசமாகப் பொருந்தியது. பின்லாந்தில் நடந்த ஓர் ஆய்விலோ, திறமையானவர் போன்ற தோற்றத்தைவிட அழகான தோற்றமே வாக்குகளோடு அதிகம் தொடர்புடையதாக இருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. முகம்தான் தேர்தலைத் தீர்மானிக்கிறது என்று இந்த ஆய்வுகளை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. கட்சி, ஏற்கெனவே பதவியில் இருத்தல், உள்ளூர்ப் பிரச்சினைகள், பணம் எல்லாம் சேர்ந்துதான் தேர்தல் முடிவு. மேலும், கடும் போட்டியுள்ள தொகுதிகளில் தோற்றப் பொலிவு உள்ளவர்களையே கட்சிகள் தேடி நிறுத்துவதும் உண்டு. அப்படியானால் வெற்றிக்கு முகம் முழுக் காரணம் ஆகாது. ஆனால் சில ஆயிரம் வாக்குகளில் முடிவு மாறும் இடத்தில் முகத்தின் சிறு பங்கும் பெரிய பங்காகிவிடலாம்.

கென்னடியும் நிக்சனும்: சொல்லும் கதையும் சொல்லாத கதையும்

இந்தப் பாடத்தை நடத்தும்போது நம்மில் பலர் சொல்லும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1960 செப்டம்பர் 26 அன்று சிகாகோவில், அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான முதல் தொலைக்காட்சி விவாதம் நடந்தது. ஒரு பக்கம் 43 வயது ஜான் கென்னடி. மறு பக்கம் எட்டு ஆண்டுகள் துணை அதிபராக இருந்த ரிச்சர்ட் நிக்சன்.

நிக்சன் முழங்கால் தொற்றால் மருத்துவமனையில் இருந்து மீண்டு வந்திருந்தார். உடல் மெலிந்து, சட்டைக் கழுத்து தொளதொளவென்று இருந்தது. முறையான ஒப்பனை வேண்டாம் என்றார். கறுப்பு வெள்ளைத் திரையில் அவருடைய வெளிர் சாம்பல் நிற உடை பின்னணிச் சுவரோடு கலந்துவிட்டது. முகத்தில் வியர்வை தெரிந்தது. கென்னடியோ அடர்நிற உடையில், வெயிலில் பழுத்த நிறத்தோடு, நேராக ஒளிப்படக் கருவியைப் பார்த்துப் பேசினார். கோடிக்கணக்கான மக்கள் பார்த்தார்கள். நவம்பரில் கென்னடி வென்றார். பதிவான சுமார் 6.8 கோடி வாக்குகளில் இருவருக்கும் இடையிலான வேறுபாடு கால் விழுக்காடுகூட இல்லை.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வோம்: வானொலியில் கேட்டவர்கள் நிக்சன் வென்றார் என்றார்கள், தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கென்னடி வென்றார் என்றார்கள். நானும் பல ஆண்டுகள் இப்படியே சொல்லி வந்தேன். பிறகு படித்தபோதுதான் இதன் அடித்தளம் எவ்வளவு மெலிந்தது என்று தெரிந்தது. அன்று வானொலியில் மட்டும் கேட்டவர்களாகக் கருத்துக் கணிப்பில் அகப்பட்டவர்கள் மிகச் சிலர். அவர்களில் பலர் முன்பே நிக்சன் பக்கம் சாய்ந்திருக்கவும் வாய்ப்புண்டு. 1987இல் இரு ஆய்வாளர்கள் இதை விரிவாகச் சுட்டிக்காட்டினார்கள்.

ஆனாலும் கதையை முற்றிலும் தள்ளிவிடவும் முடியாது. ஜேம்ஸ் டிரக்மன் என்ற அரசியல் அறிவியலாளர், அந்த விவாதத்தை முன்பு பார்த்தும் கேட்டும் இராதவர்களை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினர் படத்தோடு பார்த்தார்கள், மறு பிரிவினர் ஒலியை மட்டும் கேட்டார்கள். 2003இல் வெளியான அவருடைய முடிவின்படி, பார்த்தவர்கள்தான் கென்னடி பக்கம் அதிகம் சாய்ந்தார்கள். ஒரு செய்தியைப் பலர் சொல்வதாலேயே அது உண்மையாகிவிடாது, சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்தக் கதையே நல்ல பாடம். இப்போது வகுப்பில் இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சொல்லாத கதை இன்னொன்றும் உண்டு. அன்று திரையில் நோயாளியாகத் தெரிந்த நிக்சனுக்கு இருந்தது ஆறிவரும் முழங்கால் தொற்று. இளமையும் உடல்நலமும் ததும்பத் தெரிந்த கென்னடிக்குத்தான் அடிசன் நோய் என்னும் நாட்பட்ட சுரப்பிக் கோளாறு இருந்தது, தீராத முதுகுவலியும் இருந்தது. வாக்காளர்களுக்கு இது முழுமையாகத் தெரியவில்லை. கென்னடி நல்ல அதிபரா இல்லையா என்பது வேறு கேள்வி. “பார்த்தாலே தெரிகிறது” என்று நாம் நம்பும் உடல்நலம்கூட முகத்தில் தெரிவதில்லை என்பதே இங்கே நாம் கவனிக்க வேண்டியது.

இன்னும் பின்னால் போனால், 1920இல் அமெரிக்க அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரன் ஹார்டிங் இருக்கிறார். உயரமும் கம்பீரமும் கொண்டவர், அதிபர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்ல வைக்கும் தோற்றம். அவருடைய ஆட்சி ஊழலுக்குப் பெயர்பெற்றது. அவருடைய அமைச்சர் ஒருவர் எண்ணெய் வயல் குத்தகையில் லஞ்சம் வாங்கிய வழக்கில் பின்னர் சிறைக்கே போனார்.

அழகு வேறு, ஈர்ப்பு வேறு

அழகையும் மக்களை ஈர்க்கும் ஆற்றலையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். நம் மாநில வரலாற்றையே பார்க்கலாம்.

கர்மவீரர் காமராசரைத் திரைப்பட நாயகர் போன்றவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அலங்காரமான பேச்சும் அவரிடம் இல்லை. இருந்தும் 1954 முதல் ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்து, பள்ளிகளையும் மதிய உணவையும் கிராமங்களுக்குக் கொண்டுபோனார். அறிஞர் அண்ணா உயரம் குறைந்தவர். மேடையில் பேசத் தொடங்கிய பிறகு யாரும் அவருடைய உயரத்தைப் பார்க்கவில்லை. எம்.ஜி.ஆர். தோற்றப் பொலிவு மிக்கவர்தான். ஆனால் 1967இல் கழுத்தில் கட்டோடு மருத்துவமனைப் படுக்கையில் இருந்த அவருடைய படம் ஊரெங்கும் சுவரொட்டியானது. நேரில் வாக்குக் கேட்கப் போகாமலே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். அன்று மக்களை அசைத்தது முகத்தின் அழகு மட்டுமல்ல, ஏழைகளின் பக்கம் நிற்பவர் என்று திரைப்படங்களின் வழியே ஆண்டுக்கணக்கில் வளர்ந்த எண்ணமும்தான். அதே திரையுலகில் நிகரற்ற நடிகராகப் போற்றப்பட்ட சிவாஜி கணேசன் 1989இல் திருவையாறு தொகுதியில் தோற்றார். முகமும் புகழும் மட்டும் போதும் என்றால் அந்தத் தோல்வி நேர்ந்திருக்காது.

செருமானிய சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் இந்த ஈர்ப்பைப் பற்றி நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதினார். ஒருவருக்கு மக்கள் கட்டுப்படுவதற்கு மூன்று அடிப்படைகள் உண்டு என்றார்: மரபு, சட்டம், தனிமனித ஈர்ப்பு. ஈர்ப்பு என்பது தலைவரிடம் இருக்கும் பொருள் மட்டுமல்ல, பின்பற்றுபவர்கள் அதை ஏற்றுக்கொள்வதால்தான் அது நிலைக்கிறது என்பது அவருடைய முக்கியமான கருத்து. அதாவது பாதி ஈர்ப்பு நம்மிடம்தான் இருக்கிறது. நாம் கொடுத்தால்தான் அவருக்கு உண்டு.

ஈர்ப்பில் கற்றுக்கொள்ளக் கூடிய பகுதியும் உண்டு. முன்பு சொன்ன அன்டோனாகிஸும் அவருடைய குழுவினரும் மேலாளர்களுக்குச் சில பேச்சு உத்திகளைப் பயிற்றுவித்தார்கள். உவமை சொல்லுதல், எதிர்நிலைகளை அடுக்குதல், கேள்வி கேட்டு நிறுத்துதல், மூன்று மூன்றாகப் பட்டியலிடுதல், குரலையும் கையையும் பயன்படுத்துதல் போன்றவை. பயிற்சிக்குப் பிறகு அவர்களைப் பார்த்தவர்கள் கூடுதல் ஈர்ப்புள்ளவர்களாக மதிப்பிட்டார்கள். இந்த உத்திகள் தெரிந்த மாணவர் இரண்டு வகையில் பயன் பெறுவார். தானும் நன்றாகப் பேசுவார். மேடையில் வேறொருவர் அவற்றைப் பயன்படுத்தும்போது, “இது உத்தி. இதற்குள் செய்தி என்ன?” என்று பிரித்துப் பார்க்கவும் செய்வார்.

முகம் எப்போது வெல்கிறது?

என் கடைசி வரிசை மாணவியிடம் திரும்ப வருகிறேன். அவள் ஏன் ஏமாறவில்லை? மற்றவர்களைவிட அறிவாளி என்பதால் அல்ல. கடலைப் பற்றி அவளுக்குத் தெரியும். படகை நடத்துபவரிடம் எதைப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவள். அதனால் முகம் அவளுக்குப் போதவில்லை.

ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. கேப்ரியல் லென்ஸ், சாப்பல் லாசன் என்ற இருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், தோற்றத்தின் தாக்கம் எல்லா வாக்காளர்களிடமும் ஒரே அளவில் இல்லை என்று கண்டார்கள். அரசியல் பற்றிய தகவல் குறைவாகவும், தொலைக்காட்சி பார்ப்பது அதிகமாகவும் உள்ளவர்களிடம்தான் அது பெரிதாக இருந்தது. விவரம் இல்லாத இடத்தை முகம் நிரப்புகிறது. விவரம் வந்து உட்கார்ந்தால் முகம் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கிறது.

வளர்ந்து வரும் புதிய அரசியல்வாதிகளுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். பல ஆண்டுகள் பொறுப்பில் இருந்தவரைப் பற்றி மதிப்பிட அவர் செய்ததும் செய்யாததும் இருக்கின்றன. புதிதாக வருபவரிடம் அந்தப் பதிவு இல்லை. முகமும் குரலும் மேடை நடையும்தான் முதலில் நம்மிடம் வந்து சேர்கின்றன. இன்று கைப்பேசியில் அரை நிமிடக் காணொளியாக வந்து சேர்கின்றன. முதல்முறை வாக்களிக்கப் போகும் நம் மாணவர்கள் அரசியலைச் சந்திக்கும் முதல் இடமும் பெரும்பாலும் அதுதான்.

நம்மில் பலர் தேர்தல் பணிக்குப் போகிறவர்கள். 2015 மே மாதத்துக்குப் பிந்தைய தேர்தல்களில் இயந்திரத்தின் வாக்குச்சீட்டில் வேட்பாளரின் படமும் இடம்பெறுகிறது. ஒரே பெயர் கொண்ட வேட்பாளர்களால் வாக்காளர் குழம்பக் கூடாது என்பதற்காக வந்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் வாக்களிக்கும் அந்தக் கடைசி நொடியிலும் ஒரு முகம் நம்மைப் பார்க்கிறது. அதற்கு முன் விவரம் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

அந்த விவரம் கிடைக்காத ஒன்றன்று. உச்ச நீதிமன்றம் 2002, 2003 ஆண்டுகளில் அளித்த தீர்ப்புகளின் பயனாக, ஒவ்வொரு வேட்பாளரும் தம் மீதுள்ள குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வித் தகுதி ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். இது படிவம் 26. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படம் பார்க்க ஒரு நொடி போதும். இதைப் படிக்கப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடப் பழக்கத்தைப் பள்ளியிலேயே தொடங்கலாம்.

நம் கையிலும் அதே தராசு

இதுவரை வாக்காளரைப் பற்றிப் பேசினேன். இனி என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

1920இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர், இராணுவ அதிகாரிகள் தமக்குக் கீழுள்ளவர்களுக்கு அளித்த மதிப்பீடுகளை ஆராய்ந்தார். உடற்கட்டில் உயர்ந்த மதிப்பு பெற்றவருக்கே அறிவிலும், தலைமைப் பண்பிலும், ஒழுக்கத்திலும் உயர்ந்த மதிப்பு தரப்பட்டிருந்தது. ஒரு நல்ல பண்பின் வெளிச்சம் மற்ற எல்லாவற்றின் மேலும் படிந்துவிடுகிறது. இதை ஒளிவட்ட விளைவு என்கிறோம். பி.எட். படிக்கும்போது தேர்வுக்காக நானும் இதை எழுதியிருக்கிறேன்.

1973இல் வெளியான ஓர் ஆய்வு ஆசிரியர்களைப் பற்றியது. அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்களிடம் ஒரே மாதிரியான மதிப்பெண் அறிக்கையைக் கொடுத்தார்கள். ஒட்டப்பட்டிருந்த படம் மட்டும் வேறு வேறு. அழகான பிள்ளையின் படம் இருந்த அறிக்கையைப் பார்த்த ஆசிரியர்கள், அந்தப் பிள்ளை கூடுதல் அறிவுள்ளது, பெற்றோர் படிப்பில் கூடுதல் அக்கறை உள்ளவர்கள், மேலும் படிக்கும் என்று மதிப்பிட்டார்கள். மதிப்பெண்ணில் ஒரு வேறுபாடும் இல்லை.

இதைப் படித்த அன்று ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. அதே ஆண்டில் எங்கள் பள்ளிக்குப் பார்வையாளர்கள் வந்தார்கள். வரவேற்க ஐந்து பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினேன். பேர் கொடுத்திருந்தவர்களில் அந்தக் கடைசி வரிசை மாணவியும் ஒருத்தி. வெயிலில் கறுத்த மெலிந்த பெண், கொஞ்சம் எடுப்பான பற்கள். “நீ உள்ள இருந்து நாற்காலியப் பாத்துக்கம்மா” என்று அனுப்பிவிட்டு, வேறொரு பெண்ணை அழைத்து நிறுத்தினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கையில் வைத்திருந்த பூங்கொத்தை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

காரணம் என்ன என்று அன்று யாராவது கேட்டிருந்தால், “அவளுக்குப் பேச வராது” என்று சொல்லியிருப்பேன். அவள் பேசிப் பார்க்க நான் இடம் கொடுத்ததே இல்லை. என் பணிக்காலம் முழுவதும் நான் முன்னால் நிறுத்திய பிள்ளைகளை எண்ணிப் பார்த்தேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தார்கள். யார் தலைவர் போல் இருக்க வேண்டும் என்பதை என் மாணவர்கள் எங்கே கற்றார்கள் என்று இனி நான் தொலைக்காட்சியை மட்டும் குறை சொல்ல முடியாது.

வகுப்பறையில் செய்து பார்க்க

அந்தக் கப்பல் விளையாட்டுக்கு அடுத்த வாரம் இன்னொன்று செய்தோம். ஜூலையில் நடந்த மாணவர் தலைவர் தேர்தலில் எங்கள் வகுப்பிலிருந்து ஐந்து பேர் நின்றிருந்தார்கள். உயரமான, சிரித்த முகம் கொண்ட, நன்றாகப் பேசும் ஒரு மாணவன் பெரிய வேறுபாட்டில் வென்றிருந்தான். நல்ல பையன். அந்த மாணவிக்குக் கிடைத்தவை விரல்விட்டு எண்ணும் வாக்குகள்.

அந்த ஐந்து பேரிடமும், “மூன்று மாதத்தில் பள்ளியில் எதைச் சரிசெய்வாய், எப்படி?” என்று அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னேன். கையெழுத்து தெரியக் கூடாது என்று ஐந்தையும் நானே படியெடுத்து அ, ஆ, இ, ஈ, உ என்று குறித்து ஒட்டினேன். எல்லோரும் படித்து வாக்களித்தார்கள். ‘ஈ’ வென்றது. பெண்கள் கழிப்பறையில் எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, காலையில் யார், மதியம் யார் பார்த்துச் சொல்வது, தலைமையாசிரியரிடம் எந்தக் கிழமை போவது என்று வரிசையாக எழுதியிருந்தது. எழுதியவர் யார் என்று சொன்னபோது வகுப்பு சட்டென்று அமைதியானது. வென்றிருந்த மாணவன்தான் முதலில் பேசினான்: “டீச்சர், நானும் ‘ஈ’க்குத்தான் போட்டேன்.”

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்:

1. முகப் படங்களை வைத்துச் செய்யும் பகுதிக்கு வேற்று நாட்டின் பழைய வேட்பாளர்களின் படங்களையே பயன்படுத்துங்கள். நம் நாட்டுத் தலைவர்களின் படங்கள் வேண்டாம். கட்சிப் பேச்சாகிவிடும், நோக்கம் கெட்டுவிடும்.

2. மாணவர்களின் படங்களையோ தோற்றத்தையோ வைத்து இதை ஒருபோதும் செய்யாதீர்கள். ஒரு பிள்ளையின் மனம் நொந்தால் இந்தப் பாடத்துக்கே பொருள் இல்லை.

3. மாணவர் தேர்தலில் வேட்பாளர்களின் திட்டங்களைப் பெயரில்லாமல் இரண்டு நாள் முன்பே ஒட்டுங்கள். பிறகு பெயரோடு மேடையேற்றுங்கள். கேள்வி கேட்க நேரம் கொடுங்கள். பேச்சுப் பயிற்சியை எல்லா வேட்பாளர்களுக்கும் கொடுங்கள்.

4. மேல்நிலை வகுப்புகளில் ஒரு மாதிரிப் படிவம் 26 தயாரித்து, அதிலிருந்து எந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்கிறது, எவற்றுக்குக் கிடைக்கவில்லை என்று குழுவாகக் கண்டறியச் சொல்லுங்கள்.

5. தேர்ந்தெடுத்த பிறகு, “நான் ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தேன்?” என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த வரியில் ‘போல இருக்கிறார்’ என்ற சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று அவர்களே எண்ணட்டும்.

முகத்தைப் பார்க்காதே என்று யாருக்கும் சொல்ல முடியாது. கண் இருக்கும் வரை பார்ப்போம், பார்த்ததும் மனம் ஒன்றைச் சொல்லும். அது இயற்கை. மனம் சொன்னதோடு நின்றுவிடாமல் அடுத்த கேள்வியைக் கேட்க வைப்பதுதான் நம் வேலை.

இந்த ஆண்டு எங்கள் மாணவர் தேர்தலில் அதே மாணவன்தான் மீண்டும் தலைவரானான். அவள் சுகாதார அமைச்சர். தாழ்ப்பாள்கள் இரண்டு மாட்டியாயிற்று, ஒரு குழாய் இன்னும் ஒழுகுகிறது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் குறிப்பேட்டோடு தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்கிறாள். போன மாதம் பள்ளிக்கு விருந்தினர் வந்தபோது வரவேற்க ஐந்து பேரை நான் தேர்ந்தெடுக்கவில்லை, சீட்டுக் குலுக்கினோம். அவள் பெயர் வரவில்லை. “அடுத்த தடவ வரும் டீச்சர்” என்று அவளே எனக்குச் சொன்னாள்.